ஏழு பேர் வசதியாகப் படுக்கலாம்

படகு கட்டும் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் மில்லி அக்கா. மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம் அது. ஃபைபர்கிளாஸ் பூசுகிற ஆள் ஒருவன் ஒருநாள், "ரெண்டு மில்லி முன்னப்பின்ன இருந்தா படகு கவுந்துடுமாக்கா?" என்று வாயை விட்டுவிட்டான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் கலக்கி வைத்திருந்த பிசின் வாளியிலேயே கல்லாக இறுகிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அந்தக் கூடத்தின் டிசைனர் அவள்தான். மூன்று வருடமாக ஒரே படகை வரைந்துகொண்டிருந்தாள். முப்பத்துநாலு அடிப் பாய்ப்படகு. பந்தயத்துக்கு அல்ல, ஒரு குடும்பம் பத்து நாள் கடலில் நிதானமாகச் சுற்றி வருவதற்கு. தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காக வைத்துக் கட்டை விரல் தடிமனுக்கு ஏற்றியிருந்தாள். மேல்தளம் மட்டும் நடுவில் லேசான மரம் வைத்த சாண்ட்விச். மேலே கனம் ஏறினால் படகு தலைகனத்துப் போய் ஆட்டம் போடும். அடியில் இரண்டு டன்னுக்கு மேல் ஈயம். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகை நிமிர்த்தி உட்கார வைப்பது அந்த ஈயம்தான்.

இதிலெல்லாம் முதலாளி தலையிடவில்லை. தண்ணீருக்குக் கீழே இருப்பது எதுவும் விளம்பரப் புத்தகத்தில் தெரியாது. அவர் தலையிட்டது உள்ளே.

"எத்தனை பேர் படுக்கலாம்?" என்றார் முதல் வரைபடத்தைப் பார்த்ததும்.

"அஞ்சு பேர் சார். முன்னறையில ரெண்டு பேர். சாப்பாட்டு மேசைய இறக்கினா அது கட்டில், அதுல ரெண்டு பேர். எதிர் சோபாவுல ஒருத்தர்."

"பக்கத்துக் கூடத்துல ஆறுன்னு போட்டிருக்கான். அவன் படகு நம்மளதவிட ரெண்டு அடி சின்னது."

"அந்த ஆறாவது ஆள் பொம்மையா இருந்தாத்தான் சார் முடியும்."

"நீ ஏழு போடு."

மில்லி வாதாடினாள். அவர் பென்சிலை வாங்கி அவரே போட்டார். பின்பக்கம் சுக்கான் சக்கரமும் பெஞ்சுகளும் இருக்கும் திறந்த காக்பிட்டுக்கு அடியில், கயிறும் பாயும் வைக்க அவள் ஒதுக்கியிருந்த நீளப் பெட்டியை ஒரு படுக்கையாக்கினார். கால் முன்னே விட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். வேலையாட்கள் அதற்குச் சுரங்கம் என்று பெயர் வைத்தார்கள். சோபாவுக்கு மேலே இருந்த புத்தக அலமாரியை இன்னொரு படுக்கையாக்கினார். அது பரண்.

"சார், மேசைக் கட்டில இறக்கினா அதோட கடைசி, சுரங்கத்து வாய்ல போய் முட்டும். உள்ள இருக்கறவர் வெளிய வர முடியாது."

"தூங்கப் போனவன் எதுக்கு வெளிய வரான்?"

போகிற போக்கில், பக்கவாட்டில் பார்க்கப் படகு ஒய்யாரமாக இருக்க வேண்டும் என்று கூரையையும் நாலு அங்குலம் இறக்கச் சொன்னார். மில்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி ஐந்தடி மூன்று அங்குலம். ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் எந்த நிலைப்படியும் அவர் தலையைத் தொட்டதில்லை. அவரிடம் கூரையைப் பற்றிப் பேசுவது மீனிடம் குடையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

முதல் படகு தண்ணீரில் இறங்கியது. விளம்பரப் புத்தகமும் வழவழவென்று அச்சாகி வந்தது. முதல் பக்கத்திலேயே, 'ஏழு பேர் வசதியாகப் படுக்கலாம்.'

அந்த வாரம்தான் முதலாளியின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா வந்து தங்குவது இதுதான் முதல் தடவை. முதலாளி தரையில் கால் பாவாமல் அலைந்தார். சம்பந்தி ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், ஆறடி இரண்டு அங்குலம். நாற்பது வருடம் இஞ்சின் சத்தத்தில் இருந்ததாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டார். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். நாற்பது படுக்கை வார்டைப் பார்வையாலேயே நடத்தியவர் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் நம்ம படகுல கூட்டிட்டுப் போறேன்" என்றார் முதலாளி. "தீவுக்குப் பின்னாடி நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு சாயங்காலம் திரும்பிடலாம். நீயும் வா மில்லி, பாய் ஏத்த ஆள் வேணும்."

மில்லி தலைகளை எண்ணினாள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மகள், மாப்பிள்ளை, முதலாளி, முதலாளியம்மா, அவள். ஏழு.

யாரையும் கஷ்டப்படுத்தும் எண்ணம் அவளுக்கு இல்லை. விளம்பரப் புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டலாம் என்றுதான் நினைத்தாள். சனிக்கிழமை மாலை அழகான கையெழுத்தில் ஏழு சீட்டு எழுதி, ஏழு தலையணையிலும் குத்தி வைத்தாள்.

ஞாயிறு காலை ஏறும்போதே ஆரம்பமாகிவிட்டது. சம்பந்தி படி இறங்கி உள்ளே வந்தார். டங்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ சம்பந்தி" என்று பதறினார் முதலாளி.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் சம்பந்தி, நெற்றியைத் தடவியபடி.

சமையல் மேடையைப் பார்க்கத் திரும்பினார். டங். பரவாயில்ல. கழிவறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டங். பரவாயில்ல. பத்து மணிக்குள் ஒன்பது தடவை பரவாயில்லை சொல்லிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் முகம் ஒரு சுற்று சின்னதாகிக்கொண்டே வந்தது.

சம்பந்தியம்மா தலையணைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். பரணுக்கும் கூரைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். சுரங்கத்துக்குள் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மில்லியை ஒரு நொடி பார்த்தார். காய்ச்சல் இல்லாமலே படுத்திருக்கும் நோயாளியைக் கண்டுபிடித்த பார்வை அது. ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு கோணலாக இருந்த ஒரு தலையணையைச் சரி செய்து வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டார்கள். சாப்பாடு ஆனது. முதலாளி திருப்தியில் இரண்டு டம்ளர் மோர், அதற்கு மேல் ஒரு டீயும் குடித்தார். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டியதாயிற்று.

"அதனால என்ன, எல்லாரும் கொஞ்ச நேரம் படுங்க" என்றார் முதலாளி. "நம்ம படகுல ஏழு பேர்…"

"வசதியாப் படுக்கலாம்" என்று முடித்தார் சம்பந்தியம்மா. "படிச்சேன் சம்பந்தி. சீட்டுகூட வெச்சிருக்கீங்களே. என்ன ஒரு ஏற்பாடு."

முதலாளி அப்போதுதான் சீட்டுகளைக் கவனித்தார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார். சுரங்கத்தில் இருந்தது.

"இதுல நான் படுக்கணுமா?" என்றார் மில்லியிடம் மெதுவாக.

"மத்த எல்லாத்தையும் விருந்தாளிங்களுக்கு விட்டுட்டேன் சார். நீங்கதானே விட்டுக்கொடுக்கணும்?"

"நீங்க ஒரு தடவை படுத்துக் காட்டினா எங்களுக்கும் தெரியுமே சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. "இவரு இதுவரைக்கும் இப்படி ஒரு படுக்கையப் பாத்ததில்ல."

சம்பந்தி ஆமாம் என்று தலையாட்டினார். டங். பரவாயில்ல.

இதற்கு மேல் என்ன செய்வது? முதலாளி காலை முன்னே விட்டு, உடம்பை நெளித்து, முக்கி முனகி உள்ளே போனார். தலை மட்டும் வாசலில் தெரிந்தது. "அருமையா இருக்கு" என்று அங்கிருந்தே அறிவித்தார்.

மில்லி ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. மேசையை இறக்கினாள், மேலே மெத்தையைப் பரப்பினாள், கட்டில் ஆயிற்று. சம்பந்தி அதில் நீட்டிப் படுத்தார். கட்டில் ஆறடி. சம்பந்தி ஆறடி இரண்டு அங்குலம். அதோடு தலையணை பிடித்த இடம் வேறு. மிச்சம் இருந்த பாதங்கள் இரண்டும் சுரங்கத்து வாய்க்குள் போய், முதலாளியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. சம்பந்திக்கு அது தெரியாது. மூன்றாவது நிமிடம் அவர் தூங்கிப்போனார்.

மகளும் மாப்பிள்ளையும் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலாளியம்மா சோபாவில் படுத்து, கணவரின் முகத்தையும் அதற்கு முன்னால் இருந்த இரண்டு பெரிய பாதங்களையும் பார்த்தார். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"நான் மேல போய் நங்கூரத்தப் பாக்கறேன்" என்றாள் மில்லி.

"நானும் வரேன். எனக்குப் பகல்ல தூங்கிப் பழக்கமில்ல" என்றார் சம்பந்தியம்மா.

காக்பிட்டில், படிக்கட்டுக்கு மேல் விரித்திருந்த கேன்வாஸ் மறைப்புக்குக் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். மழை கடலில் பொரிந்துகொண்டிருந்தது. மில்லி ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். சம்பந்தியம்மா ஒன்று எடுத்துக் கடித்தபடி, "எத்தனை நாள் திட்டம்?" என்றார்.

மில்லி பொய் சொல்ல நினைத்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் முடியவில்லை. "ஒரு வாரம்" என்றாள்.

"ம். சீட்டு எழுதினது நல்ல யோசனை."

அப்போது அவர்கள் காலடியில் யாரோ கூப்பிட்டார்கள்.

"மில்லி… மில்லி…"

காக்பிட்டின் பக்கச் சுவரில் இஞ்சின் மீட்டர்களைப் பொருத்துவதற்காக ஒரு சதுர ஓட்டை வெட்டியிருந்தது. மீட்டர்கள் இன்னும் பொருத்தப்படவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் சுரங்கம். ஓட்டை வழியாக முதலாளியின் நான்கு விரல்கள் வெளியே வந்து ஆடின.

மில்லி குனிந்தாள். "சொல்லுங்க சார்."

"என்னை வெளிய எடு" என்றது குரல், மிக ரகசியமாக.

"அதுக்குக் கட்டில மடக்கணும் சார். சம்பந்தி ஐயாவ எழுப்பட்டுமா?"

"எழுப்பாத, எழுப்பாத. மொதல் தடவையா வந்திருக்காரு. தூங்கறவர எழுப்பினா என்ன நினைப்பாரு?" விரல்கள் ஓட்டையின் விளிம்பைத் தட்டின. "எவ்வளவு நேரம் தூங்குவாரு?"

மில்லி நிமிர்ந்து சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மணி நேரம் ஆகலாம் சார்."

உள்ளே ஒரு முனகல் கேட்டது. "மில்லி, நான் மோர் குடிச்சேன்."

"ஆமா சார். ரெண்டு டம்ளர்."

"டீயும் குடிச்சேன்."

"பாத்தேன் சார்."

"இங்க காத்தும் இல்ல. இஞ்சின் சூடு வேற காதுகிட்ட அடிக்குது."

"காத்து வர ஒரு சின்ன ஜன்னல் வரைஞ்சிருந்தேன் சார். ஓட்டை மாதிரி அசிங்கமா இருக்குன்னு எடுக்கச் சொன்னீங்க. பிஸ்கட் வேணுமா?"

விரல்கள் ஒரு நிமிடம் யோசித்தன. பிறகு உள்ளங்கை விரிந்தது. மில்லி ஒரு பிஸ்கட்டை வைத்தாள். கை உள்ளே போய்விட்டது.

சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மழையைப் பார்த்தார். மில்லி எதிர்ப் பெஞ்சுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த தன் பழைய வரைபடத்தை எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய காகிதம். எங்கே போனாலும் அது அவளோடு போகும்.

"சார், சம்பந்தி ஐயா எழுந்திருக்க நேரமாகும். அதுவரைக்கும் சும்மா இருக்கறதுக்கு ஒரு வேலை முடிச்சுடலாமா? ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"அஞ்சு பேர் வரைபடம்."

மழைச் சத்தமும், உள்ளே சம்பந்தியின் குறட்டையும் மட்டும் கேட்டன. ரயில் ஒரு பாலத்தின் மேல் போகிற மாதிரியே இருந்தது அந்தக் குறட்டை.

"ஆறு" என்றது ஓட்டை.

"அஞ்சு சார்."

"பரண் மட்டும் இருக்கட்டும். பக்கத்துக் கூடத்துக்காரன் சிரிப்பான்."

"வேணும்னா அவரையும் ஒருநாள் கூட்டிட்டு வந்து சுரங்கத்துல படுக்க வெப்போம் சார்."

உள்ளே ஏதோ அசைந்தது. சம்பந்தி தூக்கத்தில் கால் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். "ம்ஃப்" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு, அடங்கிய குரலில், "சரி, அஞ்சு. குடு."

"கூரைய நாலு அங்குலம் ஏத்தணும் சார்."

"ரெண்டு."

மில்லி பதில் சொல்வதற்குள் சம்பந்தியம்மா குனிந்து ஓட்டைக்கு நேராக, வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற குரலில் பேசினார். "சம்பந்தி, எங்க வீட்டுக்காரரு இன்னிக்குப் பத்து தடவை இடிச்சுக்கிட்டாரு. பதினோராவது இடிக்கு நான்தான் கட்டு போடணும்."

சம்பந்தியம்மா இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தார் என்பது முதலாளிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாலு" என்றார் முதலாளி கடைசியில். "தாராளமா நாலு ஏத்திக்கட்டும் சம்பந்தியம்மா."

வரைபடமும் பென்சிலும் உள்ளே போயின. இருட்டில், மல்லாந்தபடி, நெஞ்சின் மேல் காகிதத்தை வைத்து அவர் போட்ட கையெழுத்து மூலையிலிருந்து மூலைக்கு ஓடியிருந்தது. ஆனாலும் அது அவர் கையெழுத்துதான். மில்லி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் மூன்று வருடமாகத் தன்னைத் தவிர யாரும் நம்பாத ஒரு காகிதம் இப்போது படகாகப் போகிறது. சம்பந்தியம்மா அவள் முதுகில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"இறங்கற படிகிட்ட ஒரு கைப்பிடி போடும்மா" என்றார். "ஆடற படகுல பிடிக்க ஒண்ணுமில்ல. அதையும் எழுதிக்கோ, கையெழுத்துக்கு மேல இடமிருக்கு."

மில்லி எழுதிக்கொண்டாள். பிறகு கவலையோடு கேட்டாள். "அவர எப்படி வெளிய எடுக்கறது? பாவம், ரொம்ப நேரமாச்சு."

சம்பந்தியம்மா எழுந்து, படிக்கட்டு வாசலில் தலையை விட்டு, சாதாரணமாக, "டீ போட்டாச்சு" என்றார்.

சம்பந்தி எழுந்து உட்கார்ந்தார். டங்.

அவர் இறங்கியதும் மில்லி கட்டிலை மடக்கினாள். முதலாளி வெளியே வந்து ஓடிய வேகத்தில் அவருடைய வயதில் வேறு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். கழிவறைக் கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் கழித்து, முகத்தைக் கழுவித் தலையை வாரிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்தார். டீ என்று எதுவும் இல்லை என்பதால் முதலாளியம்மா அவசர அவசரமாகத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தூங்குனீங்களா சம்பந்தி?" என்று கேட்டார் முதலாளி.

"ரிட்டயர் ஆனதுல இருந்து இப்படித் தூங்குனதே இல்ல" என்றார் சம்பந்தி. அன்று அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. "காலுக்குத்தான் கொஞ்சம் வெதுவெதுன்னு காத்து பட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. சுகமா இருந்துச்சு."

முதலாளி தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

மழை விட்டதும் நல்ல காற்று எழுந்தது. பாய் ஏற்றினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே நிலையாக நின்று, சத்தமில்லாமல் வேகம் பிடித்தது. சக்கரத்தைச் சும்மா பிடித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த சம்பந்தியம்மா அதை விடவில்லை. கையை எடுத்தால்கூடப் படகு தன்பாட்டில் நேராகப் போவதைக் கண்டு, "இது சொன்ன பேச்சு கேக்கற படகு" என்றார். முன்தளத்தில் சாய்ந்திருந்த மகளும் மாப்பிள்ளையும் தெறித்து வந்த தண்ணீரில் நனைந்து சிரித்தார்கள்.

முதலாளி மில்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாயைப் பார்த்தார்.

"அந்த மீட்டரெல்லாம் ஏன் இன்னும் மாட்டல?"

"சாமான் வரல சார்."

"வந்து பத்து நாள் ஆச்சு. ஸ்டோர்ல நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சேன்."

மில்லி பாய்க் கயிற்றை அவசியமில்லாமல் ஒரு தடவை இழுத்துக் கட்டினாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது முதலாளியின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் வயிறு குலுங்குவதைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

சுரங்கத்தை அறுத்து எடுக்க நான்கு நாள் ஆயிற்று. கூரையின் அச்சைப் புதிதாகச் செய்ய இரண்டு மாதம். வேலையாட்கள் முணுமுணுத்தார்கள், பிறகு உள்ளே நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

படகுக் கண்காட்சியில் முதலில் ஏறியது ஒரு உயரமான டாக்டரம்மாவும் அவர் தங்கையும். டாக்டரம்மா பழக்க தோஷத்தில் குனிந்தபடியே இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். இன்னும் நிமிர்ந்தார். கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"கூரை உயரம் என்னோட பிடிவாதம்ங்க" என்று பக்கத்திலிருந்து சொன்னார் முதலாளி. "எங்க டிசைனர் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல."

"ஆமாங்க" என்றாள் மில்லி, அளவுநாடாவைச் சுருட்டியபடி. "சார் இதுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டாரு."